இரண்டரைக் கிலோ

பிப்ரவரி 20

மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவது முறை. நான் நலமாக இல்லை என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

போனில் இனி பேசமாட்டேன். பதினெட்டாம் தேதி நீ ஏழு முறை கூப்பிட்டாய். ஏழையும் எண்ணினேன், எடுக்கவில்லை. போனில் பேசுவது காற்றோடு போய்விடும். நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே மாமா" என்று நீ சொன்னால் நான் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? உன் வீட்டுக்காரனோ கப்பலில் எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறான். எனவே எதுவானாலும் எழுத்தில்தான். நீயும் எழுத்திலேயே பதில் சொல். டாக்டர் கையெழுத்தில் கிறுக்காமல் படிக்கும்படி எழுது.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாக எழுதி வைக்கிறேன். எட்டாம் தேதி உங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேல் இருக்கும் தகர மறைப்பைச் சரி செய்ய ஏறினேன். அது மூன்று மாதமாக ஒரு பக்கம் தொங்குகிறது. அந்த வீட்டில் கண் இருப்பது எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது. தகரம் நழுவி இடது கையைக் கிழித்தது. முழங்கைக்கு இரண்டு விரல்கடை கீழே தொடங்கி நாலரை அங்குலம். நீ உன் மருத்துவமனைக்கே கூட்டிப்போய், உன் கையாலேயே மூடினாய். எதை வைத்து? பசையை வைத்து.

பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு கிடந்தார். அவருக்குப் பன்னிரண்டு தையல். கறுப்பு நூல், ஒவ்வொரு முடிச்சும் ஒரே அளவு. முன்பின் தெரியாத ஆளுக்கு நூல், மாமனாருக்குப் பசை. பிய்ந்த செருப்புக்குக்கூட நான் வெறும் பசை போட்டதில்லை.

அப்போதே கேட்டேன். "ஏம்மா, நூல் தீந்துபோச்சா?" என்றேன். "இதுவே போதும் மாமா. பத்து நாள்ல பசை தானா உதிர்ந்துடும், காயமும் மூடியிருக்கும்" என்றாய். நீ சிரித்தாய், நர்ஸும் சிரித்தாள். அன்று மாலையே இதை என் நாட்குறிப்பில் எழுதிவிட்டேன், சிரிப்பு உட்பட.

பதினெட்டாம் தேதி, பத்தாம் நாள், காலையில் இங்கே என் வீட்டில் காயம் பிரிந்தது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு மாடி வீட்டு வானொலி உனக்குப் போன் செய்தாள். (அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று நீ அறிவாய். தெரு முழுவதற்கும் செய்தி வாசிப்பவள்.) அவள் போனை என் காதில் வைத்தாள். நீ கேட்ட முதல் கேள்வி என்ன? "வலிக்குதா" இல்லை. "என்ன பண்ணீங்க மாமா?" போனை அங்கேயே அணைத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தார்ப்பாய்ப் பட்டறையில் நாற்பத்தொரு வருடம் தையல் மேற்பார்வை பார்த்தவன். என் கண் பட்டு வெளியே போன தார்ப்பாயின் கீழ் ஒரு மூட்டை நனைந்ததில்லை. தையல் பிரிந்தால் தைத்தவரைத்தான் கேட்க வேண்டும். துணியைக் கேட்கிற வழக்கம் எங்கள் பட்டறையில் இல்லை.

உன் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு நேற்றே புகார் அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் செய்தான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
புகார்தாரர்


பிப்ரவரி 22

மாமா,

வணக்கம். படிக்கும்படி எழுதுகிறேன்.

ஏழு முறை இல்லை, ஒன்பது முறை கூப்பிட்டேன். இரண்டு முறை கட்டுப்போடப் போயிருந்திருப்பீர்கள்.

உங்கள் புகார் வந்து சேர்ந்துவிட்டது. கண்காணிப்பாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். "மேற்படி டாக்டர் என் மகனின் மனைவி என்பதால் எந்தச் சலுகையும் காட்ட வேண்டாம்" என்ற வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்றார். இல்லை என்றேன். "இவ்வளவு அழகான கையெழுத்துல இதுவரைக்கும் யாரும் புகார் குடுத்ததில்ல" என்றார். விசாரணை மார்ச் 14.

எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். இங்கே என் இரண்டு வருடத் தகுதிகாண் காலம் ஏப்ரலில் முடிகிறது. அதற்குள் ஒரு புகார் உறுதியானால் என்னை வைத்துக்கொள்ளமாட்டார்கள். பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. நீங்கள் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

இனி காயத்துக்கு வருகிறேன். வெறும் பசை என்பது சரியில்லை. தோலுக்கு அடியில் நான்கு தையல் போட்டேன், தானாகவே கரைகிற நூலில். அதற்கு மேல்தான் பசை. நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓட்டுநரின் தையலை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே உள்ள நூல் சில வாரம் பாரம் தாங்கும். பசை மேல்தோலின் இரு உதடுகளையும் சேர்த்துப் பிடிக்கும்.

உங்கள் பட்டறையில் தைத்து முடித்த அன்றே தையலுக்கு முழுப் பலம் உண்டு. தோல் அப்படி இல்லை மாமா. நூல், பசை, கம்பிப் பின், பிளாஸ்திரி எல்லாமே கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்கள். பலத்தைத் தோல்தான் உள்ளிருந்து நெய்துகொள்ள வேண்டும். அதற்கு அவசரமே கிடையாது. ஒரு வாரத்தில் பழைய பலத்தில் நூறில் ஐந்துகூட வராது. மூன்று வாரத்தில் இருபது வந்தால் நல்லது. மூன்று மாதம் ஆனாலும், ஏன் மூன்று வருடம் ஆனாலும், எண்பதைத் தாண்டாது. ஒரு தடவை கிழிந்த தோல் கிழிந்ததுதான்.

உங்கள் ஊர்ச் சின்ன மருத்துவமனையில் காயத்தைச் சுத்தம் செய்த டாக்டரிடம் பேசினேன். மேல்தோல் முழுவதும் பிரிந்திருக்கிறது, உள்தையல் நான்கில் இரண்டு அறுந்திருக்கிறது என்றார். முடிச்சு அவிழவில்லை, நூல் அறுந்திருக்கிறது. சும்மா மடியில் வைத்திருந்த கையில் அந்த நூல் அறுவதில்லை.

அதனால் திரும்பவும் கேட்கிறேன், இந்த முறை எழுத்தில். பத்தாம் நாள் காலையில் என்ன செய்தீர்கள்? அன்று கேட்ட நேரம் தப்பு. முதலில் வலியைக் கேட்டிருக்க வேண்டும். கேள்வியில் தப்பில்லை.

வலிக்கிறதா?

மருமகள்


பிப்ரவரி 25

மருமகளுக்கு,

வலிக்கிறது. பதினான்கு நாள் கழித்துக் கேட்டதற்கு நன்றி.

நேற்று இங்கே மறுபடி தைத்தார்கள். வெளியே பதினான்கு தையல், எல்லாம் நூல். தைத்தவர் சின்ன வயதுக்காரர், நகம் கடிக்கிற பழக்கம் உள்ளவர். ஆனாலும் நூலை எடுத்தார், பசைக் குப்பியைத் தேடவில்லை. பதினான்கு நாள் கையை அசைக்கக் கூடாது என்று கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டிவிட்டிருக்கிறார். நீ தூளி கட்டினாயா? அதையும் குறித்துக்கொள்.

உள்ளே நூல் இருந்தது என்கிறாய். காட்ட முடியுமா? அது கரைந்துபோகிற நூலாம். கரைந்துபோகிற சாட்சியை வைத்துக்கொண்டு எந்த விசாரணையில் ஜெயிக்கப்போகிறாய்? இரண்டு அறுந்தது என்று டாக்டர் உன்னிடம் சொல்லியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. டாக்டரும் டாக்டரும் பேசிக்கொள்கிறீர்கள். கிழிந்து கிடப்பவனுக்கு மட்டும் எதுவும் தெரியக் கூடாது.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய அறுவை சிகிச்சைப் புத்தகம் இரண்டு என் அலமாரியில் இருக்கின்றன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவன். மூட்டுக்குப் பக்கத்தில், இழுவை உள்ள இடத்தில், பசையை நம்பக் கூடாது என்று அதில் இருக்கிறது. பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். முழங்கை மூட்டா இல்லையா என்பதை நீயே சொல்.

நான் ஏன் இதையெல்லாம் படித்தேன் என்று நீ கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் மாமியாரை நீ பார்த்ததில்லை. உங்கள் கல்யாணத்துக்கு ஆறு வருடம் முன்பே போய்விட்டாள். வயிற்றில் அறுவை செய்தார்கள். எட்டாம் நாள் காயம் பிரிந்தது. டாக்டர் வந்து போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார், "என்னம்மா பண்ணீங்க?" அவள் ஏதோ திருடிவிட்டவள் மாதிரி, "இருமிட்டேன் டாக்டர்" என்றாள். காகிதத்தில் அப்படியே எழுதினார்கள்: நோயாளி பலமாக இருமியதால். பன்னிரண்டாம் நாள் அவள் இல்லை.

எந்த நூல், எத்தனை முடிச்சு, எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன். "ஐயா, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றார். அன்றைக்கு வாங்கியதுதான் முதல் புத்தகம்.

நூறில் ஐந்து, நூறில் இருபது என்று நீ சொல்கிற எண்களால் என் வாயை அடைத்துவிட முடியாது. எங்கள் பட்டறையில் ஒரு சாதாரணக் கூடாரத் தையல் அறுபது கிலோ இழுத்தால்தான் முதல் இடைவெளி காட்டும். அதற்குக் கீழே காட்டினால் தைத்தவரை உட்கார வைத்து முழுவதையும் பிரிக்கச் சொல்வேன். உன் வேலை இரண்டரைக் கிலோவில் வாய் திறந்துவிட்டது. இருமலுக்குத் தாங்காததைத் தையல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அன்றைக்கும் முடியவில்லை, இன்றைக்கும் முடியாது.

புகார் நிற்கிறது.

புகார்தாரர்


பிப்ரவரி 28

மாமா,

அத்தையைப் பற்றி உங்கள் மகன் ஒரு வரிகூட என்னிடம் சொன்னதில்லை. அலமாரி மேல் இருக்கும் அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம், "உடம்பு சரியில்லாம இருந்தாங்க" என்று மட்டும் சொல்வார்.

பலமான இருமலில் வயிற்றுக் காயம் பிரிவது உண்டு. நல்லபடியாகத் தைத்திருந்தாலும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்கக் கூடாது. நீங்கள் நூலைப் பற்றிக் கேட்டபோது பதில் சொல்லியிருக்க வேண்டும். அதே கேள்வியை நானும் உங்களிடம் கேட்டேன் என்று தெரிந்ததும் உங்கள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்து மீண்டும் படித்தேன். மூன்றாம் பக்கம், கீழிருந்து ஐந்தாவது வரி. "இரண்டரைக் கிலோவில் வாய் திறந்துவிட்டது."

மாமா, யார் அளந்தது?

கைக்குள் எண் இல்லாமல் நீங்கள் ஒரு எண்ணை எழுதமாட்டீர்கள். தகரம் கிழித்த அன்று ரத்தம் நிற்பதற்கு முன்பே அளவு நாடாவை எடுத்தவர் நீங்கள். "நாலரை அங்குலம்மா" என்று எனக்குச் சொன்ன பிறகுதான் துணியைச் சுற்றவிட்டீர்கள். ஒரு குத்துமதிப்பு என்றால் "ரெண்டு மூணு கிலோ" என்று எழுதியிருப்பீர்கள். இரண்டரை என்று எழுதியிருக்கிறீர்கள்.

பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த ஸ்பிரிங் தராசு உங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. போன முறை வந்தபோது அதில் என் கைப்பையை மாட்டப்போய் உங்களிடம் திட்டு வாங்கினேன்.

எழுத்தில் பதில் சொல்லுங்கள். நீங்கள் போட்ட விதிதான்.

மருமகள்


மார்ச் 2

மருமகளுக்கு,

விசாரணை உன் மேல். என் மேல் இல்லை. கேள்வி கேட்கும் இடத்தில் நான் இருக்கிறேன், பதில் சொல்லும் இடத்தில் நீ இருக்கிறாய். இடம் மாறி உட்காராதே.

அடுத்தவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வதை மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்களா? தராசு அங்கேதான் இருக்கிறது. அதில் தூசி இல்லை. பொருளைத் துடைத்து வைப்பது குற்றம் என்றால் அதையும் விசாரணையில் சேர்.

நான் எழுதிய எண்ணை நான் எழுதினேன். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

புகார்தாரர்


மார்ச் 4

மாமா,

இந்த உறையில் இரண்டு காகிதம் இருக்கும். ஒன்று இந்தக் கடிதம். இன்னொன்று உங்கள் பிப்ரவரி 25 கடிதத்தின் மூன்றாம் பக்கம். திருப்பி அனுப்புகிறேன்.

ஐந்து நாளாக அந்தப் பக்கத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். விசாரணையில் அதை மேசை மேல் வைத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். நோயாளி தன் காயத்தைத் தானே தராசு கட்டி இழுத்தார் என்று எழுதி மூடிவிடுவார்கள். என் வேலை நிலைத்துவிடும். நேற்றுக் கண்காணிப்பாளரின் அறை வாசல்வரை போனேன். உள்ளே வேறு யாரோ இருந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தின் மேல் பாதியில் அத்தை இருக்கிறார். நோயாளி பலமாக இருமியதால் என்ற வரி இருக்கிறது. அதே காகிதத்தை வைத்து இன்னொரு முறை அதே வரியை எழுத வைக்க என்னால் முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு உங்கள் கட்டைவிரலில் ஐந்து தையல் போட்டேன். ஏழாம் நாள் வாருங்கள், பிரிக்கிறேன் என்றேன். மூன்றாம் நாளே நீங்கள் நூல் கத்தரியால் நீங்களாகவே பிரித்துவிட்டு, அந்த ஐந்து நூலையும் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தீர்கள். "பாரும்மா, மூணாவது முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருக்கு" என்று காட்டினீர்கள். நான் சிரித்தேன். ஆனால் மறக்கவில்லை.

அதனால் பிப்ரவரி எட்டாம் தேதி உங்கள் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? இவர் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் கத்தரியை எடுத்துவிடுவார். கத்தரி வைக்க முடியாதது எது? உள்ளே கரைகிற நூல், வெளியே பசை.

உங்கள் பென்சில் கோடு சரி. முழங்கைக்கு அவ்வளவு பக்கத்தில், ஒவ்வொரு முறை மடக்கும்போதும் இழுபடுகிற இடத்தில், வெளியிலும் நூல்தான் போட்டிருக்க வேண்டும். தூளி கட்டியிருக்க வேண்டும். ஓட்டுநருக்கு அவர் காயத்தைப் பார்த்து முடிவு செய்தேன். உங்களுக்கு உங்களைப் பார்த்து முடிவு செய்தேன். அது டாக்டர் செய்கிற வேலை இல்லை.

இன்னொன்று. பத்து நாளில் காயம் மூடியிருக்கும் என்று சொன்னேன். மூடியிருக்கும், பலம் வந்திருக்காது என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் இன்னும் இருபது கேள்வி கேட்பீர்கள், வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்பதை நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது உங்கள் பக்கமும் உங்களிடம் இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்ட இந்தக் கடிதமும் உங்களிடம் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

அந்தப் பதினான்கு தையலை மட்டும் பத்தாம் தேதிக்கு முன்பு தொடாதீர்கள் மாமா. கெஞ்சிக் கேட்கிறேன்.

மருமகள்


மார்ச் 6

மருமகளுக்கு,

உன் உறை வந்தது. முதலில் நினைத்தது, நீ நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் அனுப்பியிருப்பாய் என்று. பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "நகல் எடுத்தா காகிதத்துல அடையாளம் ஒண்ணும் விழாது" என்று வானொலி சொன்னாள். ஆக, நீ எடுத்தாயா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை. தெரியாமலேயே இதை எழுதுகிறேன். எனக்கு இது பழக்கமில்லாத வேலை.

பட்டறையில் தையலைச் சோதிக்கும் முறை இது. ஒரு சாண் அகலத்துக்குத் துண்டு வெட்டுவோம். ஒரு பக்கத்தை இரும்புப் பிடியில் கடிக்கவிட்டு, மறுபக்கத்தில் தராசின் கொக்கியை மாட்டி மெதுவாக இழுப்போம். தையல் விலகுகிற முதல் இடத்தில் எண்ணைப் பார்த்து, சாக்கட்டியால் துணியிலேயே எழுதுவோம். ஒட்டு வேலையாக இருந்தால், பசை காயும்வரை அழுத்தி வைத்த பிடியைக் கழற்றும் அன்று சோதனை. நீ பத்தாம் நாள் பசை உதிரும் என்றாய். பிடி விடுகிற நாள் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

காயத்துக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, கெட்டிப் பிளாஸ்திரி ஒட்டி, இரண்டு பக்கமும் நாடா கோத்தேன். ஒரு பக்கத்து நாடாவை ஜன்னல் கம்பியில் கட்டினேன். மறுபக்கத்தில் கொக்கி. வலது கையால் இழுத்தேன். ஒரு கிலோ தாங்கியது. இரண்டு கிலோவும் தாங்கியது. பரவாயில்லை, பெண் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறாள் என்று வாய்விட்டே சொன்னேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் விலகும்வரை இழுத்தால்தான் அது சோதனை. நாற்பத்தொரு வருடத்தில் நான் பாதியில் நிறுத்தியதில்லை. இரண்டரையில் விலகியது. எண்ணைப் பார்த்த பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தேன்.

இருமல் எத்தனை கிலோ என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், இந்தக் கையை நான் கம்பியில் கட்டியிருக்கமாட்டேன்.

கண்காணிப்பாளருக்கு இன்று எழுதியிருக்கிறேன். உனக்கு எழுதியது போலவே, நடந்தது நடந்தபடி, தராசு உட்பட. நகல் இத்துடன் இருக்கிறது. முதல் புகாரைத் திரும்பப் பெறவில்லை. பெறவும் மாட்டேன். மூட்டுக்குப் பக்கத்தில் பசை கூடாது என்று அதில் எழுதியது சரி. தைத்தவளே அதை ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்தப் புகாரில் ஒரு வரி குறைந்திருந்தது, அதைச் சேர்த்திருக்கிறேன், அவ்வளவுதான். வேலை நிலைக்கிறதா இல்லையா என்பதை இரண்டு தப்பையும் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். "இவருடைய உள்தையல் இரண்டு கிலோவரை அசையவில்லை என்பதை நேரில் பார்த்த ஒரே ஆள் நான்" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அது உண்மை, அதனால் எழுதினேன்.

உன் கடிதத்தை அவருக்கு அனுப்பவில்லை. அதை நீ எனக்கு எழுதினாய். அவரிடம் சொல்ல வேண்டுமானால் நீயே போய்ச் சொல். சொல்வாய் என்று நினைக்கிறேன். உன் கடிதம் என் நாட்குறிப்புக்குள் இருக்கிறது, அந்தச் சிரிப்பை எழுதிவைத்த பக்கத்தில்.

எண்பதைத் தாண்டாது என்று நீ எழுதியதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம். பயப்படாதே, கண்ணால்தான்.

பத்தாம் தேதி தையல் பிரிக்க வேண்டும். நகம் கடிக்கிறவர் வரச் சொன்னார். வேண்டாம், வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நூல் கத்தரி, சவரக் கத்தி, தராசு மூன்றையும் துணியில் சுற்றி மாடி வீட்டில் கொடுத்திருக்கிறேன். "நானே வந்து கேட்டாலும் பத்தாம் தேதி வரைக்கும் தராதே" என்றேன். "நீங்க கத்துவீங்களே" என்றாள் வானொலி. "கத்துவேன். அப்பவும் தராதே" என்றேன். இதற்குள் தெரு முழுவதும் தெரிந்திருக்கும்.

அதனால் வரும்போது உன் கத்தரியைக் கொண்டு வா. இந்த வீட்டில் நூல் வெட்ட இப்போது எதுவும் இல்லை. சட்டைக் கையில் ஒரு இழை பிரிந்து தொங்குகிறது. இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தொடவில்லை.

மாமா